ஆயர் பேரவைத் தலைவர் ஓர் ஆயருக்கு உத்தரவிட முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தொண்டையார்பேட்டையில் உள்ள ஒரு பங்கின் (ஓர் ஆலயத்தைச் சார்ந்த இறைமக்கள் சமூகத்தின்) இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையைத் தங்கள் மறைமாவட்டத்திலும் பங்கிலும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதுதான் மனுவின் சாரம். அதைப் பேரவையின் தலைவருக்கு அனுப்பினால், அவர் சென்னை–மயிலைப் பேராயருக்கு உத்தரவிடுவாரா என்று கேட்டிருக்கிறார்கள். உத்தரவிட முடியாது என்றால் அப்படி ஒரு பேரவையும் அதற்கு ஒரு தலைவரும் எதற்கு என்றும் கூடவே கேட்டிருக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: முடியாது. இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. வட சென்னைப் பங்குகளில் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்குத் திருச்சபைச் சட்டம் பற்றிய பயிற்சி வகுப்புகள் எடுத்து வருபவன் என்ற முறையில், ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் எழுவதைக் கண்டிருக்கிறேன். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் பேரவைத் தலைவரை ‘இந்திய கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்’ என்று குறிப்பிடுவதால், பங்குத்தந்தைக்கு மேல் ஆயர், ஆயருக்கு மேல் பேராயர், பேராயருக்கு மேல் பேரவைத் தலைவர், அவருக்கு மேல் திருத்தந்தை என்று அரசு அலுவலகத்தின் படிநிலை போன்ற ஒரு வரிசை நம் மனத்தில் பதிந்துவிட்டது. அப்படி ஒரு வரிசை திருச்சபையில் இல்லை. மறைமாவட்ட ஆயருக்கும் திருத்தந்தைக்கும் இடையில் அவருக்கு ஆணையிடும் மேலதிகாரி என்று நாட்டளவில் ஒருவரும் கிடையாது. பேராயருக்குக்கூடத் தம் திருச்சபை மாநிலத்தில், அதாவது தம்மைச் சார்ந்து தொகுக்கப்பட்ட மறைமாவட்டங்களின் குழுவில், உள்ள மற்ற மறைமாவட்டங்கள்மீது மேற்பார்வை என்ற அளவில் சில வரையறுக்கப்பட்ட பொறுப்புகள்தாம் உண்டே தவிர, அங்கே அவர் ஆட்சி செய்வதில்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 447 முதல் 459 வரையுள்ள சட்டங்கள் ஆயர் பேரவையைப் பற்றியவை. ஒரு நாட்டின் அல்லது ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் ஆயர்கள் ஒன்றுகூடி, அங்குள்ள இறைமக்களுக்காகச் சில மேய்ப்புப் பணிகளை இணைந்து ஆற்றும் நிலையான அமைப்பு என்று 447ஆம் சட்டம் அதை வரையறுக்கிறது. மறைமாவட்ட ஆயர்கள், வாரிசுரிமை பெற்ற இணை ஆயர்கள், துணை ஆயர்கள் ஆகியோர் சட்டப்படியே அதன் உறுப்பினர்கள். திருத்தந்தையின் தூதர் அதில் உறுப்பினர் அல்லர் என்பதையும் சட்டம் சொல்லியே வைத்திருக்கிறது. பேரவையை நிறுவவும் மாற்றவும் கலைக்கவும் திருச்சபையின் உச்ச அதிகாரத்துக்கு மட்டுமே உரிமை உண்டு. பேரவை தனக்கு எழுதிக்கொள்ளும் ஒழுங்குவிதிகளும் திருப்பீடத்தின், அதாவது உரோமையில் உள்ள திருத்தந்தையின் தலைமை நிர்வாகத்தின், பார்வைக்குச் சென்று வர வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது 455ஆம் சட்டம். அதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். பேரவை எல்லா ஆயர்களையும் கட்டுப்படுத்தும் பொது ஆணை பிறப்பிக்கலாம்; ஆனால் திருச்சபைச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்துள்ள பொருள்களிலும், திருப்பீடம் தனியே அதிகாரம் அளித்த பொருள்களிலும் மட்டுமே பிறப்பிக்கலாம். அவற்றிலும் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதாது. அதன் பிறகு திருப்பீடத்தின் ஏற்பு கிடைத்து, முறைப்படி வெளியிடப்பட்டால்தான் அந்த ஆணை செல்லும். இந்த எல்லைக்கு வெளியே உள்ள எந்தப் பொருளிலும் ஒவ்வொரு மறைமாவட்ட ஆயரின் அதிகாரமும் அப்படியே இருக்கும் என்றும், ஆயர்கள் ஒருவர் விடாமல் அனைவரும் சம்மதித்தாலன்றிப் பேரவையோ அதன் தலைவரோ அனைத்து ஆயர்களின் பெயராலும் செயல்பட முடியாது என்றும் அச்சட்டத்தின் நான்காம் பத்தி முடிவாகச் சொல்கிறது. தலைவரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஏன் இப்படி அமைத்தார்கள் என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. ஆயர்கள் நாட்டளவில் கூடிப் பேசும் வழக்கம் பெல்ஜியத்தில் 1830இலும், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1848இலும் தொடங்கியது. அரசியல் குழப்பங்களும் புதிய அரசமைப்புகளும் எழுந்த அந்தக் காலத்தில், அரசிடம் ஒரே குரலில் பேச வேண்டிய தேவையே அவர்களைக் கூட்டியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று ஏற்ற ஆயர்களின் மேய்ப்புப் பணி பற்றிய ஏடு இந்த வழக்கத்துக்குத் திருச்சபை அமைப்பில் முறையான இடம் கொடுத்தது. பேரவை இல்லாத நாடுகளில் விரைவில் அதை ஏற்படுத்த வேண்டும் என்று 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பணித்தார். ஆனாலும் ஒரு மறைமாவட்டத்தின் ஆயர் திருத்தூதர்களின் வழித்தோன்றலாகத் தம் சொந்த அதிகாரத்தோடு அந்த மக்களை வழிநடத்துபவர், அவர் ஒரு தேசிய தலைமையகத்தின் கிளை மேலாளர் அல்லர் என்ற இறையியலை அந்தச் சங்கமே வலியுறுத்தியது. ஆகவே ஆயர்கள் கூடவும் வேண்டும், அந்தக் கூட்டம் ஆயரின் பொறுப்பை விழுங்கிவிடவும் கூடாது என்ற இரு அக்கறைகளும் சேர்ந்துதான் 455ஆம் சட்டத்தின் வாசகங்களாக வந்துள்ளன.

அந்தச் சங்கம் கூடுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஆயர் பேரவை பிறந்துவிட்டது. அது பிறந்தது நம் ஊரில்தான் என்பது வட சென்னையில்கூடப் பலருக்கும் தெரியாது. 1944 செப்டம்பரில் சென்னையில் நடந்த பேராயர்கள் மாநாட்டில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை உருவாக்கப்பட்டது. அப்போது சென்னைப் பேராயராக இருந்தவர் சலேசிய சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ். இன்று செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் வேண்டிக்கொள்ள மக்கள் திரளும் ஜார்ஜ் டவுன் அரண்மனைக்காரத் தெருவின் புனித மரியன்னை ஆலயம்தான் அன்று சென்னை உயர்மறைமாவட்டத்தின் பேராலயம். அதே நகரத்தில், சில கிலோமீட்டர் தெற்கே, போர்த்துக்கீசிய அரசின் ஞானாதரவு உரிமையின்கீழ் (ஆயர் நியமனம் போன்றவற்றில் அந்த அரசுக்குத் திருச்சபை அளித்திருந்த உரிமை) மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாக இருந்தது. இரண்டும் ஒன்றாகிச் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஆனது 1952இல். ஒரே நகரத்தின் கத்தோலிக்கர்கள் இரண்டு ஆட்சி வரலாறுகளால் பிரிந்து கிடந்த காலத்தில், நாடு விடுதலை பெறப்போகிறது என்ற நிலையில், ஆயர்கள் ஒரு பொது மேசைக்கு வர வேண்டியதன் அவசரத்தைச் சென்னையைவிட நன்றாக உணர்ந்திருக்கக்கூடிய ஊர் குறைவு.

இங்கே ஒரு சிக்கலையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் ‘ஆயர் பேரவை’ என்று மூன்று மட்டங்களில் அமைப்புகள் இருக்கின்றன. மனு எழுதுவோர் பெரும்பாலும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபை என்பது இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா ஆகிய மூன்று தனித்தன்மை கொண்ட திருச்சபைகளின் ஒன்றிப்பு. சி.பி.சி.ஐ. என்று நாம் அழைக்கும் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையில் இம்மூன்றின் ஆயர்களும் இருக்கிறார்கள். மறைமாவட்டங்களின் எண்ணிக்கை 174 என்றும், அவற்றில் 132 இலத்தீன் முறையைச் சேர்ந்தவை என்றும் கணக்குச் சொல்வார்கள். 1987 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்திய ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், மூன்று திருச்சபைகளும் தத்தம் ஆயர் அமைப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்றும், பொதுவான காரியங்களுக்கு சி.பி.சி.ஐ. தொடர வேண்டும் என்றும் தெளிவுபடுத்தினார். அதன்படி 1988இல் இலத்தீன் ஆயர்களுக்கெனத் தனியே சி.சி.பி.ஐ. அமைந்தது. திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஆயர் பேரவைக்குக் கொடுக்கும் சட்டமியற்றும் அதிகாரம், நம்மைப் போன்ற இலத்தீன் முறைக் கத்தோலிக்கர்களைப் பொறுத்தவரை, இந்த சி.சி.பி.ஐ.யிடம் இருக்கிறது. மூன்றாவது, மாநில அளவில் இயங்கும் தமிழக ஆயர் பேரவை. ‘நம் வாழ்வு’ வார இதழ் வழியாகவும் பணிக்குழுக்கள் வழியாகவும் நம் பங்குகளுக்கு மிக நெருக்கமாகத் தெரிவது இதுதான்.

கேரளத்திலிருந்து வந்து பெரம்பூர்ப் பக்கம் குடியிருக்கும் சீரோ மலபார் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், அவர்களுடைய அமைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு பளிச்சென்று தெரியும். சீரோ மலபார் திருச்சபைக்கு 1992 முதல் உயர் பேராயர் உண்டு. சீரோ மலங்கரா திருச்சபைக்கு 2005 முதல் உண்டு. அவர்கள் உண்மையிலேயே தத்தம் திருச்சபையின் தலைவர்களும் தந்தையரும் ஆவர். அவர்களுடைய ஆயர் மாமன்றம் சட்டமியற்றும். ஆயர்களைத் தேர்ந்தெடுக்கும் பணியிலும் அதற்கு நேரடிப் பங்கு உண்டு. சி.பி.சி.ஐ.யின் தலைவருக்கு அப்படிப்பட்ட பதவி கிடையாது. அவர் சமமானவர்களின் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர். ஆகவே ஒரே மனிதர் ஓரிடத்தில் முழு அதிகாரமுள்ள தலைவராகவும், பேரவையில் அவையை நடத்தித் தருபவராகவும் இருக்கக்கூடும். சீரோ மலங்கரா உயர் பேராயர் கர்தினால் பசேலியோஸ் கிளீமிஸ் 2014 முதல் 2018 வரை சி.பி.சி.ஐ. தலைவராக இருந்தபோது இதுதான் நிலைமை.

தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆயர்களே, திருத்தந்தை நியமிப்பதில்லை. இது எல்லா நாடுகளிலும் இப்படியே இருப்பதில்லை. இத்தாலியில் திருத்தந்தையே உரோமை மறைமாவட்டத்தின் ஆயர் என்பதால், அந்நாட்டுப் பேரவையின் தலைவரை அவரே நியமிக்கிறார். ஆயர்கள் பெயர்களை முன்மொழிகிறார்கள். நம் நாட்டில் 2010இல் இலத்தீன் முறையைச் சேர்ந்த மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், 2014இல் மலங்கராவின் கிளீமிஸ், 2018இல் மீண்டும் கிரேசியஸ், 2022 நவம்பரில் சீரோ மலபாரின் திருச்சூர் பேராயர் ஆண்ட்ரூஸ் தாழத்து என்று தலைமை திருச்சபைகளுக்கிடையே கைமாறி வந்திருக்கிறது. எண்ணிக்கையில் மிகப் பெரியது இலத்தீன் திருச்சபை என்பதற்காக எல்லா முறையும் அவர்களே வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்து வந்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மூன்று திருச்சபைகளுக்கு இடையே மறைமாவட்ட எல்லை, பிற மாநிலங்களில் வாழும் மக்களின் மேய்ப்புப் பணி ஆகியவை பற்றிப் பல ஆண்டுகளாக உரசல்கள் இருந்துவந்த நிலையில், இந்தச் சுழற்சி பேரவையை உடையாமல் காத்திருக்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் செய்வது என்ன? பொதுக்குழுவையும் நிலைக்குழுவையும் கூட்டுகிறார், தலைமை தாங்குகிறார். எதை விவாதத்துக்கு எடுப்பது, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கூட்டங்களில் அமர்ந்து பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது புரியும். புதுதில்லி அசோக் பிளேஸில் உள்ள பேரவை மையத்தில் இயங்கும் பொதுச்செயலகம் அன்றாடப் பணிகளைக் கவனிக்கிறது. கல்வி, நலவாழ்வு, தொழிலாளர், பெண்கள், இளைஞர், தலித் மற்றும் பிற்படுத்தப்பட்டோர் எனப் பணிக்குழுக்கள் இருக்கின்றன. மத்திய அரசுடன் பேசுவதும், சிறுபான்மையினர் தாக்கப்படும்போது அறிக்கை வெளியிடுவதும் தலைவரும் பொதுச்செயலரும் முன்னின்று செய்பவை. 2024 டிசம்பரில் பேரவை மையத்தில் நடந்த கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பிரதமர் வந்தபோது அவரை வரவேற்றவர் பேரவைத் தலைவர்தான். அத்தகைய மேடைகளில் அவர் பேசுவது நாடு முழுவதும் ‘திருச்சபையின் நிலைப்பாடு’ என்று எடுத்துக்கொள்ளப்படும். அதனால்தான் அவர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அவர் தவறாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதன் விளைவை ஒடிசாவின் சிற்றூரில் உள்ள ஒரு பங்குத்தந்தை சந்திக்க நேரிடும். ஆயர் நியமனத்திலும் அவருடைய கருத்துக்கு இடமுண்டு: திருத்தந்தையின் தூதர் பெயர்களை உரோமைக்கு அனுப்பும் முன், பேராயரிடமும் அந்தத் திருச்சபை மாநிலத்தின் மற்ற ஆயர்களிடமும் கேட்பதோடு பேரவைத் தலைவரிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று 377ஆம் சட்டம் சொல்கிறது. கருத்துச் சொல்வதோடு அவர் பங்கு முடிகிறது, தேர்ந்தெடுப்பவர் திருத்தந்தை.

பேரவை உண்மையிலேயே நம்மைக் கட்டுப்படுத்தும் இடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் நம் கண்ணில் படாமல் நடக்கின்றன. உங்கள் ஆலயத்தின் பீடத்தில் விரித்து வைத்திருக்கும் திருப்பலிப் புத்தகத்தை ஒரு நாள் உபதேசியாரிடம் கேட்டு வாங்கி முதல் சில பக்கங்களைப் பாருங்கள். ஆயர்கள் அதை ஏற்றதும் உரோமை அதை உறுதிப்படுத்தியதும் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஒப்புதல்கள் இல்லாமல் ஒரு மன்றாட்டின் தமிழைக்கூட எந்தப் பங்கிலும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள முடியாது. மொழிபெயர்ப்பைத் தயாரித்து ஏற்பது ஆயர் பேரவையின் பொறுப்பு, அதை உறுதிப்படுத்துவது திருப்பீடத்தின் பொறுப்பு என்று 2017 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் 838ஆம் சட்டத்தைத் திருத்தி, பேரவைகளின் கையை வலுப்படுத்தினார். ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவை நாம் வியாழனுக்குப் பதிலாக ஞாயிறன்று கொண்டாடுவதும் பேரவை எடுத்து உரோமை ஏற்ற முடிவுதான்.

சொத்து பற்றிய விதி இன்னும் முக்கியமானது. திருச்சபையின் சொத்தை விற்பதற்கான குறைந்தபட்ச, அதிகபட்சத் தொகைகளை ஆயர் பேரவை நிர்ணயிக்க வேண்டும் என்று 1292ஆம் சட்டம் சொல்கிறது. இரண்டு தொகைகளுக்கும் இடைப்பட்ட விற்பனைக்கு மறைமாவட்ட நிதிக்குழு, ஆலோசகர் குழு ஆகியவற்றின் சம்மதம் ஆயருக்குத் தேவை. அதிகபட்சத் தொகையைத் தாண்டினால் திருப்பீடத்தின் அனுமதியும் வேண்டும். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் ஒரு கிரவுண்டு நிலத்தின் விலை என்னவென்று அறிந்தவர்களுக்கு, முன்னோர்கள் காணிக்கையாகக் கொடுத்த இடங்களைக் காப்பதில் இந்த ஒரு விதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆக, கட்டுப்படுத்தும் அதிகாரம் குறிப்பிட்ட சில பொருள்களில் உண்டு. உங்கள் மனுவின் பொருளான தலித் மேம்பாட்டுக் கொள்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அது பயனற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான மீனவக் குப்பங்களின் ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் கூடி ஒரு நாள் யாரும் கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் இன்னொரு குப்பத்தின் படகைத் தடுத்து நிறுத்த முடியாது. அந்தந்தக் குப்பத்தின் நாட்டார் தம் ஊரில் போய்ச் சொன்னால்தான் படகு கரையில் நிற்கும். ஆனால் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்ட ஒரு நாட்டார், ஊருக்குத் திரும்பிய பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. ஆயர் பேரவையின் கொள்கை அறிக்கைகளுக்கு உள்ள வலிமை இந்த வகையைச் சேர்ந்தது.

அந்த அறிக்கை வந்த வழியைப் பாருங்கள். 1982இல் திருச்சியில் கூடிய சி.பி.சி.ஐ., சாதிக்கும் சாதி மனப்பான்மைக்கும் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 1990இல் தமிழக ஆயர்கள் தலித் கிறிஸ்தவர்களுக்கான பத்து அம்சத் திட்டத்தை முன்வைத்தார்கள். 2016 டிசம்பர் 13 அன்று தேசிய அளவில் கொள்கை அறிக்கை வெளிவந்தது. திருச்சபைக்குள்ளேயே தீண்டாமையும் பாகுபாடும் நீடிக்கின்றன என்பதை ஆயர்களே அதில் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதைக் கடுமையான சமூகப் பாவம் என்றார்கள். நாட்டின் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்பது அந்த அறிக்கை சொல்லும் கணக்கு. பெரும்பான்மை மக்களின் வேதனையைச் சொல்லும் ஓர் ஆவணம் பங்குகளின் அறிவிப்புப் பலகையைக்கூட எட்டாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நான் வகுப்பெடுத்த பங்குகளில் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் சிலரே. அதைப் படித்தவர்கள் அவர்களிலும் குறைவு.

அரசை நோக்கிய கோரிக்கையில் பேரவை உறுதியாக நின்றிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்டு 10ஆம் நாளிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆகஸ்டு 10ஆம் நாளும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப் பேரவை அழைப்பு விடுக்கிறது. வட சென்னையிலும் ஆலய வளாகங்களில் கறுப்புக் கொடி ஏறுவதைப் பார்த்து வருகிறோம். 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை இந்தக் கோரிக்கைக்கு ஆதரவாகவே பரிந்துரைத்தது. 2022இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது. அரசிடம் நீதி கேட்கும் குரலுக்கு, நம் வீட்டுக்குள் நாம் நீதி செய்கிறோமா என்ற கேள்வி எப்போதும் எதிரே வந்து நிற்கும். 2016 அறிக்கையை மறைமாவட்டங்கள் செயல்படுத்துவது இந்தக் காரணத்தாலும் அவசரமானது.

இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆயருக்கு மேல் ஒரு தேசிய அதிகாரி வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஒருவர் இருந்தால், நல்லவர் வரும்போது நல்லது நடக்கும்; அல்லாதவர் வந்தால் 174 மறைமாவட்டங்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். அரசு திருச்சபையைத் தன் பக்கம் வளைக்க நினைத்தாலும் ஒரே ஒருவரை வளைத்தால் போதும் என்றாகிவிடும். ஆனால் ஆணையிட முடியாது என்பதும் கணக்குக் கேட்க முடியாது என்பதும் ஒன்றல்ல. தான் ஏற்றுக்கொண்ட ஒரு கொள்கையை எந்தெந்த மறைமாவட்டம் எந்த அளவு நிறைவேற்றியிருக்கிறது என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் அறிக்கை கேட்கவும், அதை மக்கள் அறிய வெளியிடவும் பேரவைக்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. அந்தக் கேள்வியை விடாமல் நிகழ்ச்சி நிரலில் வைக்கும் தலைவரே இந்தப் பதவியின் வலிமையை முழுமையாகப் பயன்படுத்துபவர். 2010இல் பேரவை வெளியிட்ட பாலினக் கொள்கைக்கும் இது அப்படியே பொருந்தும்.

பேரவைகளின் அதிகாரம் பற்றி உரோமையிலும் கருத்து ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1998 மே மாதத்தில் வெளியான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் மடல், விசுவாசப் போதனை குறித்துப் பேரவை பேச வேண்டுமானால் எல்லா ஆயர்களும் ஒருமனதாக ஏற்க வேண்டும், இல்லையேல் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு திருப்பீடத்தின் ஏற்பும் வேண்டும் என்று வரம்பு கட்டியது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ், பேரவைகளுக்குரிய பொறுப்பும் போதனை அதிகாரமும் இன்னும் போதிய அளவு வரையறுக்கப்படவில்லை என்றும், அளவுக்கு மீறிய மையப்படுத்தல் திருச்சபையின் பணிக்கு உதவாது என்றும் எழுதினார். 2021இல் தொடங்கிய கூட்டொருங்கியக்கம் (திருச்சபையில் அனைவரும் சேர்ந்து பயணிப்பது) பற்றிய மாமன்றம் 2024 அக்டோபரில் முடிந்தபோதும் இந்தப் பொருள் மீண்டும் எழுந்தது. ஆகவே இன்றைய ஏற்பாடு இறுதியானது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மனு இன்றுள்ள சட்டத்துக்குள் நடக்க வேண்டும்.

அதற்கான வழி இதுதான். இறைமக்கள் தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் தெரிவிக்கவும், திருச்சபையின் நன்மை பற்றிய தங்கள் கருத்தைச் சொல்லவும் உரிமை உண்டு, சில நேரங்களில் அது கடமையும் ஆகும் என்று 212ஆம் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை மனுவின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். மனுவைப் பேராயருக்கு முகவரியிடுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. உங்கள் பேராயரும் உறுப்பினராக உள்ள பேரவை இந்தக் கொள்கையை வெளியிட்டது என்பதை மரியாதையோடு நினைவூட்டி, அதிலிருந்து மூன்று அல்லது நான்கு அம்சங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் பங்கில் என்ன நிலைமை என்பதை ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுங்கள். பங்குப்பேரவையிலும் நிதிக்குழுவிலும் யார் யார் இடம் பெறுகிறார்கள், நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தலித் கிறிஸ்தவ மாணவர் சேர்க்கையும் கட்டணச் சலுகையும் எப்படி இருக்கின்றன, திருவிழாப் பொறுப்புகள் எப்படிப் பகிரப்படுகின்றன என்பன போன்ற, கணக்கு எடுக்கக்கூடிய செய்திகள் போதும். குற்றச்சாட்டுகளை அடுக்குவதைவிட இது நெடுநாள் நிற்கும்.

அனுப்புவதற்கு முன் பங்குத்தந்தையிடம் காட்டிவிடுங்கள். அவரைத் தாண்டிப் போனதாக ஒரு மனக்கசப்பு உண்டானால் மனுவின் பொருள் பின்னுக்குப் போய்விடும். பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்; இளைஞர்களின் மனு என்பதைவிடப் பங்கின் மனு என்பதற்கு எடை அதிகம். மறைமாவட்ட மேய்ப்புப்பணிப் பேரவையில் உங்கள் மறைவட்டத்தின் (அருகருகே உள்ள பங்குகளின் தொகுப்பின்) சார்பாக இருக்கும் பொதுநிலையினர் யார் என்று விசாரித்து அவரிடம் ஒரு படி கொடுங்கள். ஆயருக்கு ஆலோசனை சொல்ல 511ஆம் சட்டம் ஏற்படுத்திய அமைப்பு அது. குருக்கள் மன்றத்தில் உள்ள ஓர் அருள்தந்தையிடமும் கொடுங்கள். தமிழக ஆயர் பேரவையின் பட்டியலினத்தாருக்கான பணிக்குழுவுக்கு ஒரு படி போகட்டும். சி.பி.சி.ஐ. தலைவருக்கும் பொதுச்செயலருக்கும் தலா ஒரு படி அனுப்புங்கள். பேராயருக்கு ஆணையிடும்படி அவர்களிடம் கேட்காமல், இக்கொள்கையின் நிறைவேற்றம் பற்றி அடுத்த பொதுக்குழுவில் மறைமாவட்ட வாரியாக அறிக்கை பெற வேண்டும் என்று கேளுங்கள். அது அவர்களால் செய்ய முடிந்த காரியம். அனுப்பிய ஒவ்வொரு படிக்கும் தேதியிட்ட ஒப்புகையை வாங்கி வையுங்கள். ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டே அடுத்த கடிதத்தை எழுதலாம்.